ஒல்லாந்துக்காரன் வீட்டு வாசற்படி

ஒல்லாந்து தேசத்தில் இறங்கி ஊருக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது தூக்குமரம். ஒன்றிரண்டு இல்லை, வீட்டுக்கு வீடு. கூரை முகட்டிலிருந்து தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு உத்திரம், அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கி. சேசுவே, இந்த ஊரில் வீட்டுக்கொருத்தரைத் தொங்கவிடுவார்கள் போலிருக்கிறதே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அண்ணாந்து பார்த்தார். அவர் பயப்படவில்லை. “பாத்தியாளா, நம்மளத் தொங்கப்போட ரெடியா வச்சிருக்கானுவ” என்றார். எதிர்பார்த்தது நடந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஒல்லாந்துக்காரன் மேல் அவருக்கு இருந்தது முந்நூறு வருசத்துக் கோபம். அந்தக் காலத்தில் அவர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, நம் கடலில் கிடந்த முத்தையெல்லாம் வாரிக்கொண்டு, நம் சாமியார்களையும் விரட்டியடித்தார்கள் என்று அவருக்கு அவர் அப்பா சொல்லியிருக்கிறார், அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். இவர் கொழும்புக்கும் கொச்சிக்கும் தோணி ஓட்டுகிற தண்டல். தோணியில் இவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஊரில் ஒல்லாந்துக்காரன் கட்டிவிட்டுப் போன பழைய கோயில் ஒன்று கடற்கரைச் சாலையில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார். மழை பெய்தாலும் அதன் ஓரத்தில் ஒதுங்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் ரோஸ்லின், நர்சு வேலைக்கென்று போன இடம் ஒல்லாந்து. அங்கே பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு ரொட்டிக்கடைக்காரனுக்குக் கட்டுப் போட்டாள். கட்டைப் பிரித்த கையோடு அவனையே கட்டிக்கொண்டாள். செய்தி வந்த அன்றைக்கு இவர் மாதா கோயில் கொடிமரத்தடியில் போய் நின்று, “மாதா மேல ஆணையாச் சொல்லுதேன், அந்த ஒல்லாந்துக்காரன் வீட்டு வாசப்படிய என் காலு மிதிக்காது” என்று கத்தினார். நடுக்கடலில் காற்றுக்கு மேலே கேட்கிற குரல் அது. ஊர் முழுவதும் கேட்டது.

அப்புறம் ரோஸ்லின் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. “நான் போறேன். நீங்க உங்க ஆணையக் கட்டிக்கிட்டு இங்கன கிடங்க” என்று பெட்டியை எடுத்தேன். இரண்டு நாள் கடற்கரையில் திரிந்தவர், மூன்றாம் நாள் தன் பெட்டியையும் கொண்டுவந்து என் பெட்டி பக்கத்தில் வைத்தார். “உனக்குத் துணைக்கு வாரேன். அவன் வீட்டுக்கு வரல” என்றார்.

நாங்கள் லெய்டன் ஊர் ரயிலடியில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் தட்டுப்பாடு என்று அந்தக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் ஓடக்கூடாது. ஆகவே மருமகன் வில்லெம் ரொட்டிக்கடை வண்டியைக் கொண்டுவந்திருந்தான். முன்பக்கம் பெரிய மரப்பெட்டியும் பின்னால் மிதிக்கிற சைக்கிளுமாக மூன்று சக்கர வண்டி. கைகால் எல்லாம் நீளநீளமாக, காது சிவந்து நின்ற அந்தப் பையன் கைகூப்பி, “வாங்க அத்தை, வாங்க மாமா” என்றான். ரோஸ்லின் சொல்லிக்கொடுத்த தமிழ். நல்ல தமிழ்தான். ஆனால் மாமா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரப்பெட்டிக்குள் முதலில் எங்கள் பெட்டிகள் ஏறின, பிறகு ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரி மக்ரூன் டப்பாக்கள், பிறகு நான். என் உடம்புக்கு அந்தப் பெட்டி அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது, அதாவது உள்ளே போனபிறகு அசைய முடியவில்லை. வில்லெம் மிதித்தான். கார் இல்லாத சாலையெல்லாம் பிள்ளைகள் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு சறுக்கினார்கள். எங்கள் ஊர்க் குதிரைவண்டியில் போனால் குதிரையின் பின்பக்கம்தான் தெரியும். இதில் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஊருக்கும் நான் முழுக்கத் தெரிந்தேன். ஒரு கிழவி வண்டியை நிறுத்தி, போர்வைக்குள் இருந்த என்னை எட்டிப் பார்த்து என்னவோ கேட்டாள். வில்லெம் வெட்கப்பட்டுக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான்: “இன்றைக்குக் கோதுமை ரொட்டி இல்லையா என்று கேட்கிறார்.”

என் வீட்டுக்காரர் வண்டியைத் தொடவில்லை. ஒல்லாந்துக்காரன் வண்டி. குளிரில் மூக்கு ஒழுக ரயிலடியிலிருந்து பின்னாலேயே நடந்து வந்தார்.

தெருவின் நடுவே வாய்க்கால், இரண்டு கரையிலும் சாலை, சாலையை ஒட்டி ஒல்லி ஒல்லியாய் வீடுகள். வீடுகள் எல்லாம் லேசாகத் தெருப்பக்கம் குனிந்து நின்றன. தூக்குமரத்தின் விவரம் அங்கேதான் விளங்கியது. மாடிப்படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து, ஆள் ஏறுவதே பெரும்பாடு. கட்டில், பீரோ எல்லாம் அந்தக் கொக்கியில் கப்பி மாட்டிக் கயிறு கட்டி, சன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகுமாம். சரக்கு சுவரில் இடிக்காமல் இருக்கத்தான் வீட்டையே குனிய வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் இதைக் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டு, கப்பியையும் கொக்கியையும் ஒருமுறை கண்ணால் அளந்தார். “ம்” என்றார். அது அவருடைய தோணியில் நல்ல வேலைக்காரனுக்குக் கிடைக்கிற ‘ம்’.

வாசலுக்கு வந்தோம். ஒரே ஒரு கல்படி. நடுவில் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. வில்லெம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “மாமா, வாங்க” என்றான்.

“நீ போளா” என்றார் இவர் என்னிடம். “நான் இங்கன நிக்கேன்.”

“எங்கன நிப்பீக? உறஞ்சு கருவாடாப் போவீக. உள்ள வாங்க, மாதா என்ன மேல இருந்து உங்க காலையேவா பாத்துக்கிட்டு இருக்கா?”

“ஆணை ஆணைதான்.”

நான் திட்டியதை எல்லாம் இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள். அதற்குள் வாய்க்காலில் கட்டியிருந்த ஒரு படகிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தலையை நீட்டினார். பெயர் ஹென்ட்ரிக். ஆயுசு பூராவும் சரக்குப் படகு ஓட்டி, இப்போது அந்தப் படகிலேயே வீடு மாதிரிக் குடியிருக்கிறவர். அவர் இவரைப் பார்த்தார், இவர் அவர் படகின் கயிறுகளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரு பொதுவான பாஷை கிடையாது. அவர் கையைக் காட்டினார், இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டார். “படகுக்கு ஏது வாசப்படி?” என்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி வேறு. இப்படியாக, மகளைப் பார்க்க ஒல்லாந்துவரை வந்த மனிதர், அவள் சன்னலுக்கு எதிரே தண்ணீரில் குடியேறினார்.

நான் படியேறினேன். ஏறினேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொள்ளக் கம்பிக்குப் பதிலாக ஒரு கயிறு தொங்கியது. ஒரு படிக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி மேலே போய்ச் சேர்ந்தபோது, என் மகள் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பேத்தி. நாங்கள் வழியில் இருந்தபோதே பிறந்துவிட்டது. வீட்டிலேயே! எங்கள் ஊரில் மீன் விற்கிறவள்கூட இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். இவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், வீட்டில் பெற்றிருக்கிறாள். இங்கே அதுதான் வழக்கமாம். கட்டிலின் நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள், மருத்துவச்சிக்கு இடுப்பு வலிக்கக் கூடாதாம். பெற்றவள் இடுப்பைப் பற்றிப் பேச்சில்லை.

பிள்ளையைக் கையில் வாங்கினேன். கறுப்பு முடி, ரோஜா நிறம், நெற்றியில் தாத்தாவுடைய முறைப்பு. “அப்படியே உங்க அப்பாடி” என்றேன். ரோஸ்லின் சன்னல் வழியே படகைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“மேல வரமாட்டாங்களாம்மா?”

“படகுல ஏறி உக்காந்துட்டாருடி. நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கீழ வந்து ஒரு தடவை காட்டிரு. மனசு இளகிரும்.”

கண்ணைத் துடைத்தாள். அவளும் அவர் மகள்தானே. “எம்பிள்ளையத் தெருவுல வச்சுக் காட்டமாட்டேன். அது என்ன களவெடுத்துட்டு வந்த பிள்ளையா? பேத்தியப் பாக்கணும்னா மேல வரட்டும். இல்லன்னா பாக்காமலே தோணி ஏறட்டும்.”

அவ்வளவுதான். கீழே ஒரு பாறை, மேலே ஒரு பாறை, நடுவில் செங்குத்துப் படியில் முட்டி தேய நான். “சாப்பிட்டாளா கேளு”, “குளிருதான்னு கேளுங்கம்மா”, “பிள்ளை நல்லாப் பால் குடிக்கான்னு கேளுளா.” இதற்குப் பதில் இரண்டு பேரும் சன்னலைத் திறந்து கத்தினால் என்ன என்று கேட்டால், இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மேலே எனக்கு வேறொரு யுத்தமும் இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் ஒரு தாதியை அனுப்புகிறார்கள். மாவு போட்டு விறைக்க வைத்த வெள்ளை உடுப்பு, ஆளும் அதே விறைப்பு. அவள் சன்னலைத் திறப்பாள், நான் மூடுவேன். அவள் பச்சைப் பாலைக் கொடுப்பாள், நான் பூண்டைத் தட்டிப் போடுவேன். பால் ஊறுவதற்காக ஊரிலிருந்து கொண்டுபோன பால்சுறாக் கருவாட்டை நான் அடுப்பில் வைத்த அன்று, தாதி எல்லாச் சன்னலையும் ஒரே நேரத்தில் திறந்தாள். பதிலுக்கு அவள் எனக்குத் தந்தது அவர்கள் ஊர்ப் பிள்ளைபெற்ற பலகாரம்: வறட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சோம்பு. ஒன்று தின்றேன். யாரும் பார்க்காதபோது இன்னும் மூன்று தின்றேன். சோம்பு பிள்ளை பெற்றவளுக்கு நல்லதுதான், அதில் அவளோடு எனக்குச் சண்டை இல்லை.

படகில் இவர் ராஜா மாதிரி இருந்தார். ஹென்ட்ரிக் காப்பி கொடுத்து, ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாராம். இவர் நம் மக்ரூன் டப்பாவைத் திறந்து அப்படியே அவர் மடியில் கவிழ்த்தாராம். மறுநாள் ஹென்ட்ரிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கித் தந்தார். வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தோடு பச்சையாகவே வாய்க்குள் இறக்குகிறார்கள். “கடல்லயே பொறந்து வளர்ந்தவன் நான், பூனை திங்கிற மாதிரி எவனும் தின்னு பாக்கல” என்று இவர் தன் பங்கை எடுத்துவந்து, படகு அடுப்பில் மிளகாயும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தார். ஹென்ட்ரிக் அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் நான் படகுக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். இவர் நாற்காலி எப்போதும் ஒரே திசையில்தான் கிடக்கும். ரோஸ்லின் சன்னலில் தலை தெரிந்தால் படகின் புகைக்குழாயைத் துடைப்பார், கயிற்றைச் சுருட்டுவார், தண்ணீரில் வாத்தை எண்ணுவார். தலை மறைந்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பார். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பேத்தி முகம் பார்க்காமலே திரும்பிவிடுவார் போலிருந்தது. திரும்பினால் அப்புறம் அப்பனும் மகளும் இந்தப் பிறவியில் பேசமாட்டார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை வில்லெம் தன் அம்மா வீட்டுப் பழைய பீரோவைக் கொண்டுவந்தான், பிள்ளைத் துணிகள் வைக்க. ஆனை மாதிரி பீரோ. கூட வேலை பார்க்கிற இரண்டு பையன்கள் வந்தார்கள். கப்பியில் கயிற்றை மாட்டி இழுத்தார்கள். பீரோ பாதி உயரம் போனபோது வாய்க்கால் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. கீழே இழுத்துப் பிடிக்கிற இரண்டாவது கயிற்றைக் கட்ட மறந்திருந்தார்கள். பீரோ தொங்கட்டான் மாதிரி ஆடிச் சன்னலைப் பார்த்துப் போனது. சன்னலுக்குப் பின்னால் என் மகள்.

“ஏலே! ஆரியா! ஆரியா!”

படகிலிருந்து இவர் எப்படிக் கரைக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. ‘ஆரியா’ என்றால் இறக்கு, ‘ஆவிஸ்’ என்றால் தூக்கு. எங்கள் துறைமுகத்துப் பேச்சு. அந்தப் பையன்களுக்கு அது என்ன விளங்கும்? ஆனால் விளங்கியது. இறக்கினார்கள். இவர் பீரோவின் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டு நுனியைத் தன் கையில் பிடித்தார். பின்னாலேயே ஓடிவந்த ஹென்ட்ரிக் மேல்கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் வில்லெம். “ஆவிஸ்!” பீரோ சுவரைத் தொடாமல், கண்ணாடியைத் தொடாமல், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக ஏறிச் சன்னலுக்குள் போனது.

இவர் அண்ணாந்து நின்றார். சன்னலில் ரோஸ்லின். இந்தத் தடவை குழாயும் இல்லை, வாத்தும் இல்லை.

“அப்பா” என்றாள் அவள்.

“ம்” என்றார் இவர். இது வேறு ‘ம்’.

வில்லெம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். இவர் வாசற்படிவரை போனார். படியைப் பார்த்தார். நின்றுவிட்டார். “மாதாகிட்டச் சொல்லிட்டேனே” என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். எனக்கு அழுகை வந்தது.

வில்லெம் கதவைச் சாத்தினான். பையனுக்கும் பொறுமை போய்விட்டது என்று நினைத்தேன். அவன் ஹென்ட்ரிக்கின் படகுக்குப் போய், படகின் பக்கவாட்டில் சாயம் அடிக்கும்போது உட்காருகிற பலகையைக் கொண்டுவந்தான். மண்டியிட்டு அதைக் கயிற்றில் கட்டினான். இவர் முன்னால் வைத்தான். பிறகு மேலே சன்னலைக் காட்டி, “மாமா, வாங்க” என்றான்.

தெரு முழுக்கச் சனம் கூடிவிட்டது. இவர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். இவர் வேறொருவர் முடிச்சை நம்பினதே கிடையாது. நான் அரிசி மூட்டைக்குப் போட்ட முடிச்சைக்கூட அவிழ்த்துவிட்டுத் தான் போடுகிறவர். கை முடிச்சுவரை போனது. விரலால் ஒரு தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. பலகையில் உட்கார்ந்தார்.

“ஏலே ஒல்லாந்து, கைய விட்டேன்னு வையி, செத்தாலும் உன்ன விடமாட்டேன்.”

வில்லெம் அண்ணாந்து ரோஸ்லினிடம், மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டான். “பத்திரமாப் பிடிக்கச் சொல்லுதாங்க” என்று அவள் அவனுக்கு அவர்கள் பாஷையில் சொன்னாளாம்.

“ஆவிஸ்!” என்று இவரே உத்தரவு போட்டுக்கொண்டு இவரே மேலே போனார். தெருச்சனமும் சேர்ந்து “ஆவிஸ்! ஆவிஸ்!” என்று கத்தியது. நான் மந்திரம் கிந்திரம் எதுவும் சொல்லாமல் அந்தப் படிகளை ஓடியே ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இவர் கால் இரண்டும் தெருப்பக்கம் தொங்க, சன்னலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குக் குளிரும் என்று தாதி கத்திக்கொண்டே பிள்ளையை அவர் கோட்டுக்குள் வைத்தாள். மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் அழுதார். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற தண்டல், குலுங்கிக் குலுங்கி அழுதார். “காத்துளா, கண்ணுல பட்டுருச்சு” என்றார் என்னைப் பார்த்து.

அன்றிலிருந்து தினமும் காலையில் கயிற்றில் ஏறி, சாயங்காலம் கயிற்றில் இறங்கினார். வில்லெம் ரொட்டி சுட்டுவிட்டு வந்து இவரை இழுப்பான், நடுவில் கழிப்பறைக்காக இவர் படகுக்குப் போகவேண்டும் என்றால் இறக்கவும் செய்வான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். ஆனாலும் அவனை ஒல்லாந்து என்றுதான் கூப்பிட்டார். ரோஸ்லின் அவனுக்கு எல்லா உறவுமுறையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாமனார் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கேட்கவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தான்.

மறுவார ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயிலுக்கு நடக்க வேண்டும். நான் பின்னிய வெள்ளைத் தொப்பியைப் பிள்ளைக்குப் போட்டு இவர் கையில் கொடுத்திருந்தேன். இவரையும் தாதியையும் தவிர எல்லோரும் இறங்கித் தெருவில் நின்றோம். கயிறும் பலகையும் தயாராகத் தொங்கின.

ரோஸ்லின் கீழிருந்து கத்தினாள்: “அப்பா, பிள்ளையத் தாதி கையில கொடுத்துட்டு நீங்க கயித்துல இறங்குங்க.”

சன்னலில் ஆளைக் காணோம். படியில் சத்தம் கேட்டது. தோணி ஏணியில் இறங்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையில் கயிறு, ஒரு கையில் பிள்ளை, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வாசலில் திரும்பி நின்றார். காலடியில் அந்தக் கல்படி. ஒரே தாவாகத் தாவிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போயிற்று. “ஏங்க, தாண்டிராதீங்க, பிள்ளை!” என்று கத்தினேன்.

அவர் பிள்ளை முகத்தைப் பார்த்தார். அது அவரை முறைத்தது. வலது காலைத் தூக்கிப் படியின் நட்டநடுவில் வைத்தார். இடது காலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தோணியின் முன்பக்க அணியத்தில் நிற்கிற மாதிரி அந்தப் படியின் மேல் ஊன்றி நின்றார்.

“என்னளா பாக்கே? மாதாவும் கையில பிள்ளையோடதான நிக்கா. அவளுக்கு விளங்கும்.”

அவர் வில்லெம் பக்கம் திரும்பி, கூரையில் தொங்கிய கயிற்றைக் கண்ணால் காட்டினார்.

“மாப்பிள, அதை அவுத்துப் போடும். இனி வேண்டாம்.”